கும்பிட்டாயா, நம்புகிறாயா?

அன்புள்ள அக்கா,

எனக்கு 23 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். பாலிடெக்னிக் முடித்து ஒரு பாலர்பள்ளியில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். மாலையில் பகுதிநேரப் பட்டப்படிப்பு.

2019-இல் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அப்பா பிழைத்து எழுந்தால் தானும் நானும் மூன்று தைப்பூசம் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். 2020-இல் எடுத்தோம். அடுத்த இரண்டு வருஷமும் கொரோனாவால் நடை ஊர்வலம் இல்லை. 2023, 2024 இரண்டிலும் நடந்து கடனை முடித்தோம். முடிந்த பிறகும் 2025-இல் எடுத்தோம். வரும் தைக்கும் எடுப்போம் என்கிறார் அம்மா.

உயர்நிலைப் பள்ளியிலிருந்தே நாங்கள் நாலு பேர் ஒன்றாக இருந்தோம். ஒருத்தி மலாய், ஒருத்தி சீனப் பெண், ஒருத்தி தமிழ்க் கிறிஸ்துவப் பெண், அப்புறம் நான். ஹாக்கர் சென்டர் உணவங்காடியில் சாப்பிட்டு முடித்தால் ஹலால் தட்டுகளை ஒருத்தியும் மற்றத் தட்டுகளை இன்னொருத்தியும் அந்தந்த அடுக்கில் கொண்டுபோய் வைப்போம். யாரும் சொல்லிக்கொள்ளாமலே அது நடக்கும். இப்போது நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எட்டு மாதம் ஆகிறது. கிறிஸ்துவத் தோழி சபைக் காரியங்களில் மும்முரமாகிவிட்டாள். கடைசியாகப் பார்த்தபோது அவள் கேட்டாள்: "நீ நிஜமாவே நம்புறியா, இல்ல அம்மாவுக்காகச் செய்றியா? நம்பாம செஞ்சா அது போலித்தனம் இல்லையா?" எனக்குப் பதில் வரவில்லை. சீனத் தோழி தனக்கு மதமே வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். மலாய்த் தோழி ஒருவேளைத் தொழுகையைக்கூட விடுவதில்லை. மூன்று பேருக்கும் தாங்கள் யார் என்று தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் நடிக்கிறேனா அக்கா?

ச., ஈசூன்

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இதுவரை நான் எங்கும் எழுதாத ஒன்றைச் சொன்னால்தான் உங்களுக்குப் பதில் சொல்ல முடியும் என்று தோன்றியது. அதில் என் தம்பியும் வருகிறான். அவனிடம் கேட்டேன், எழுது என்றான்.

முதலில் உங்கள் தோழியின் கேள்விக்கு வருகிறேன். "நம்புறியா?" என்று நம் வீடுகளில் யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "சாமி கும்பிட்டியா?" என்பார்கள். "விளக்கு ஏத்திட்டியா?", "திருநீறு வச்சியா?" என்பார்கள். பரீட்சைக்குக் கிளம்பினால் "கும்பிட்டுட்டுப் போ" என்பார்கள். எல்லாமே கையால் செய்கிற காரியங்கள். கும்பிடும்போது மனசுக்குள் என்ன இருந்தது என்று தோண்டிக் கேட்கிற பழக்கம் நமக்குக் கிடையாது. உங்கள் தோழியின் வழி வேறு. அங்கே விசுவாசம் என்ற சொல் முதல் படியிலேயே வந்துவிடுகிறது, அதை வாயால் அறிக்கையிடுகிறார்கள். அவள் வளர்ந்த இடத்தில் மிக இயல்பான ஒரு கேள்வியைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். நீங்கள் வளர்ந்த இடத்தில் அந்தக் கேள்வியே எழுந்ததில்லை என்பதால் திகைத்துவிட்டீர்கள். திகைத்ததை வைத்து உங்களுக்குள் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் 22 வயதில் என்னை யாராவது அப்படிக் கேட்டிருக்கலாம்.

அப்போது, 1990-களின் நடுவில், நாங்கள் அங் மோ கியோவில் ஒரு மூவறை வீட்டில் இருந்தோம். அம்மாவுக்கு மின்னணுப் பொருள் செய்கிற தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. தம்பி தேசிய சேவையில் இருந்தான். விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி, ஆறு வாரம் மருத்துவமனையில் கிடந்தான். உங்கள் அம்மா செய்ததைத்தான் என் அம்மாவும் செய்தார். பிள்ளை எழுந்து நடந்தால் தானும் மகளும் மூன்று வருஷம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. தம்பி எழுந்து நடந்தான்.

முதல் இரண்டு வருஷம் நானும் எடுத்தேன். மூன்றாவது வருஷத்துக்குள் நான் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். புது நண்பர்கள் கிடைத்திருந்தார்கள். வேலை முடிந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்து, கடவுள் இல்லை என்று மேசையைத் தட்டிப் பேசுவோம். மஞ்சள் சேலையும் தலையில் குடமுமாக என்னை அவர்களில் ஒருவர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் தை பிறந்ததுமே பிடித்துக்கொண்டது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், வெட்கம்தான் பெரிதாக இருந்தது என்று தெரிகிறது.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பித்தளைக் குடங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு குடம். என்னுடையதை முதலில் தேய்த்து, கழுவி, ஒரு துண்டின்மேல் கவிழ்த்து வைத்திருந்தார். நான் சமையலறை வாசலில் நின்று, "அம்மா, எனக்குத் தூரமாயிடுச்சு" என்றேன்.

பொய் சொன்னேன்.

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமலே, "கூட வா. செருப்பையும் தண்ணியையும் பிடிச்சுக்க ஆள் வேணும்" என்றார்.

நள்ளிரவு தாண்டிப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பினோம். வழி உங்களுக்குத் தெரிந்ததுதான்: சிராங்கூன் ரோடு, செலிகி ரோடு, பினாங்கு ரோடு, கிளமென்சோ அவென்யூ, அப்புறம் டேங் ரோடு. மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். அம்மாவின் தலையில் குடம், அதன் வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. என் ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் அம்மாவின் ரப்பர் செருப்பு. தொழிற்சாலைக்கும் ஈரச்சந்தைக்கும் போட்டுப் போட்டு, குதிகால் வரும் இடம் தாள்போலத் தேய்ந்திருந்தது.

குடம் சுமந்தால் கண் நேராகத்தான் போகும், கழுத்தைத் திருப்பினால் பால் தளும்பும். அதனால் முந்தைய இரண்டு வருஷமும் நான் அம்மாவைப் பார்க்கவே இல்லை. அன்று என் தலையில் ஒன்றும் இல்லை. வழியெல்லாம் அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். குதிகால் வெடிப்பில் தார்ச்சாலையின் கருப்பு ஏறியிருந்தது. இடது கால் பெருவிரல் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. சாலையைக் கடக்க நிறுத்திய இடங்களில் குடம் அசையாமல் ஒரு காலை மட்டும் மெல்லத் தூக்கி, மற்றக் காலின்மேல் தேய்த்துக்கொள்வார். முன்னும் பின்னும் "வேல் வேல்" என்று கூட்டம் முழங்கிக்கொண்டு வந்தது. அம்மாவின் உதடும் அசைந்தது. அவரும் வேல் வேல்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். தம்பியின் பெயரையும் என் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

டேங் ரோடு கோயிலுக்குள் நான் போகவில்லை. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. வெளியே நடைபாதையில் செருப்புப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பால் ஊற்றுகிறார்கள், மணிச்சத்தம் கேட்கிறது. ஒரு வருஷமாகக் கடவுள் இல்லை என்று பேசிக்கொண்டிருந்த எனக்கு, உள்ளே போக வேண்டும் என்ற ஆசை அந்த நடைபாதையில்தான் வந்தது. போக முடியவில்லை.

அம்மா வெளியே வந்தபோது சேலையின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. காலைத் துடைக்காமலே செருப்பைப் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று மட்டும் சொன்னார். 1968-இல் தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டதால், அம்மா தலைமுறையில் பாதிப் பேர் இரவோடு இரவாகக் குடத்தைச் செலுத்திவிட்டு நேரே வேலைக்குப் போனவர்கள். அம்மாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கூட வேலை செய்த ஒரு மலாய் மக்சிக் (அத்தை என்பதுபோல மலாயில் அழைப்பது) வருஷாவருஷம் தைப்பூசத்துக் காலை ஷிப்டை வாங்கிக்கொள்வார். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள் அவருக்காக அம்மா நிற்பார். இரண்டு பேரும் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடந்தது. ஒருவர் நம்பிக்கையைப் பற்றி மற்றவர் ஒரு வார்த்தை பேசியிருப்பார்களா என்பது சந்தேகம்.

பதினைந்து வருஷம் கழித்து, அம்மா படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில், ஒருநாள் நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அதே பெருவிரல். "அந்த வருஷம் நீ பொய்தானே சொன்னே?" என்றார். எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. "மூவறை வீடு, ஒரே குளியலறை. எனக்குத் தெரியாதா?"

"ஏம்மா அப்பவே கேக்கல?"

"மாட்டேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். பயந்து பொய் சொல்ற மாதிரி உன்னை வச்சுட்டேனேன்னு இருந்துச்சு. அதான் கூட வான்னேன்."

ச., நீங்கள் நடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நடித்தவளைத் தெரிந்திருப்பதால் சொல்கிறேன், நீங்கள் நடிக்கவில்லை. நான் நண்பர்கள் முன்னால் நாத்திகம் பேசி நடித்தேன், அம்மாவின் முன்னால் இல்லாத தூரத்தைச் சொல்லி நடித்தேன். நீங்கள் விரதம் இருந்து, வெறுங்காலில் நடந்து, பாலைக் கொட்டாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறீர்கள். அப்பாவுக்காக நடந்தீர்கள். நடக்கும்போது மனசுக்குள் ஒரு கேள்வியும் கூடவே வந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் கேள்வியோடு நடந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றா நினைக்கிறீர்கள்?

ஒரு சனிக்கிழமை வாட்டர்லூ ஸ்திரீட் போய்வாருங்கள். 1870-இல் தொடங்கிய கிருஷ்ணன் கோயிலும் 1884-இல் எழுந்த குவான் யின் கோயிலும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. குவான் யினைக் கும்பிட்டு வரும் சீனர்கள் பலர் அப்படியே கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுவத்தியைத் தூக்கிப் பிடித்துத் தலை குனிந்துவிட்டுப் போவார்கள். ஒரு பாட்டியை அங்கே அடிக்கடி பார்ப்பேன். மார்க்கெட் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு மூன்று முறை குனிவார், பையை எடுப்பார், போய்விடுவார். கிருஷ்ணன் யார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். அவரைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வராது. நொவீனா தேவாலயத்தின் சனிக்கிழமை ஆராதனைக்குக் கிறிஸ்துவர் அல்லாதவர்களும் போகிறார்கள். என் சித்தி போயிருக்கிறார், திருநீற்றோடு.

உங்கள் சீனத் தோழியும் தனியாக நிற்கவில்லை. 2010 கணக்கெடுப்பில் இங்கே 15 வயதைத் தாண்டியவர்களில் 17 விழுக்காட்டினர் மதம் இல்லை என்றார்கள். 2020-இல் அது 20 விழுக்காடு, அதாவது ஐந்தில் ஒருவர். அவள் மனசார யோசித்து அந்த இடத்துக்கு வந்திருந்தால் அதுவும் மரியாதைக்குரிய இடம்தான். நாளைக்கு நீங்களே அங்கே போய்ச் சேரலாம். போகாமலும் இருக்கலாம். என்னைக் கேட்டால், நான் இன்றைக்கும் விளக்கு ஏற்றுகிறேன். நம்புகிறாயா என்றால், சில நாள் ஆமாம். மற்ற நாளும் ஏற்றுகிறேன்.

உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அம்மாவிடம் பேசுங்கள். விரதம் தொடங்குவதற்கு முன்னால் பேசுங்கள். குடம் தேய்க்கிற நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். எதிரே உட்காரவைத்துப் பேச வேண்டாம், அது விசாரணைபோல ஆகிவிடும். கீரை ஆயும்போதோ துணி மடிக்கும்போதோ சொல்லுங்கள். "கடன் முடிஞ்சிடுச்சும்மா. இந்த வருஷம் எனக்குக் குடம் எடுக்கத் தோணல. ஆனா கூட நடக்கிறேன்." இவ்வளவு போதும். எடுக்கத் தோன்றினால் எடுங்கள், ஆனால் இனிமேல் எடுப்பது உங்கள் சொந்தக் குடம் என்று தெரிந்து எடுங்கள். இப்போது முடிவு செய்ய முடியவில்லையா, பங்குனி உத்திரம் வரை பொறுங்கள். உங்கள் ஈசூனிலேயே பாலசுப்பிரமணியர் கோயிலில் அன்றைக்கும் பால்குடம் உண்டு, காவடி உண்டு.

அம்மா வருத்தப்படுவார். ஒருவேளை அழுவார். அப்பாவுக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் முடிந்த கடனை இன்னமும் கட்டிக்கொண்டிருக்கவைக்கிறது என்று நினைக்கிறேன். அறுவை சிகிச்சை நடந்த அந்த மாதங்களைப் பற்றி அம்மாவிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? குடத்தைப் பற்றிய பேச்சு அங்கே போய் நின்றால் நிற்கட்டும், இழுத்து மாற்ற வேண்டாம்.

தோழிகள் விஷயம். மூன்று பேருக்கும் தாங்கள் யார் என்று தெரிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 23 வயதில் அப்படித் தெரிந்த யாரையும் நான் சந்தித்ததில்லை. கேள்வி கேட்டவள் அதே கேள்வியைத் தன்னிடமும் கேட்டுக்கொண்டிருக்கலாம். எட்டு மாதம் என்பதும் பெரிய பிரிவு இல்லை. ஒருத்திக்கு ஷிப்டு வேலை வந்திருக்கும், ஒருத்தி காதலனோடு அரசாங்கம் கட்டித்தரும் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்துக்கொண்டிருப்பாள், உங்களுக்கே மாலை வகுப்பு இருக்கிறது. யாராவது ஒருத்தி கூப்பிட வேண்டும், நீங்களே கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அங்கே எல்லாரும் அடுத்தவள் பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் போன் செய்யுங்கள்.

கிறிஸ்துவத் தோழியிடம், "நீ கேட்டதுக்கு எனக்கு இன்னும் பதில் தெரியல" என்றே சொல்லுங்கள். உங்களைப் பொருட்படுத்தியதால்தான் அவள் கேட்டிருக்கிறாள். பொருட்படுத்தாதவர்கள் "நல்லா இருந்துச்சா ஊர்வலம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவள் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அழைத்தால் போய்வாருங்கள்.

தட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை மறுபடி மறுபடி படித்தேன். 2021 செப்டம்பரிலிருந்து ஹாக்கர் சென்டர்களில் தட்டைத் திருப்பி வைக்காதவர்கள்மேல் நடவடிக்கை உண்டு என்று ஆனது, எல்லாரும் வைக்கிறோம். ஆனால் ஒருத்தி எழுந்து தன் தட்டோடு தோழியின் தட்டையும் எடுத்து, அவளுக்கு எது ஆகும் எது ஆகாது என்று பார்த்து, சரியான அடுக்கில் கொண்டுபோய் வைப்பது சட்டத்தால் வந்ததில்லை. நாலு பேரும் பதினான்கு, பதினைந்து வயதில் தாங்களாகவே கற்றுக்கொண்டது. அது எட்டு மாதத்தில் மறந்துபோகாது.

தைப்பூசத்துக்கு முந்தைய ராத்திரி வெறுமனே கூட நடக்க வருகிறாயா என்று உங்கள் சீனத் தோழியைக் கேட்டுப் பாருங்கள். மதம் வேண்டாம் என்றவளுக்குத் தண்ணீர்ப் போத்தல் பிடிக்க ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். தண்ணீர் இரண்டு போத்தல் வேண்டும், ஒன்று குடிக்க, ஒன்று காலில் ஊற்ற. 2016-இலிருந்து வழியில் சில இடங்களில் நேரடி இசை உண்டு. அங்கே கூட்டம் தேங்கும், அம்மாவின் பக்கத்தை விட்டு நகர வேண்டாம். செருப்புக்குத் துணிப்பையாகக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையின் பிடி அரை வழியிலேயே விரலை அறுக்க ஆரம்பித்துவிடும். பையைத் தரையில் வைத்தால் கூட்டத்தில் காணாமல் போகும், கையிலேயே வைத்திருங்கள். அம்மா வெளியே வந்ததும் முதலில் காலைத்தான் நீட்டுவார்.

அன்புடன்,
அக்கா